அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: வலங்கைமான் பக்கம் எங்கள் பழைய ஓட்டு வீடு. அம்மாவுக்கு வயது 76, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஐப்பசி மழையில் கொல்லையில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, மணிக்கட்டில் விரிசலோடு போயிற்று. கூடத்தில் படுக்கிறார், கழிவறை கொல்லைக் கோடியில். எங்கள் அறைக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ஆனாலும் ராத்திரியில் எங்களை எழுப்ப மாட்டார், பிடிவாதம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. மறுபடி விழாமலிருக்க எந்த டைல்ஸ் போடலாம்?

பதில்: டைல்ஸ் அப்புறம். 5 மணிக்கு மேல் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே தம்பி, ஏன் என்று ஒரு தடவையாவது அம்மாவிடம் கேட்டீர்களா?

அது பிடிவாதம் இல்லை, பயம். ராத்திரி ஒண்ணுக்கு வந்தால் இருட்டில் இரண்டாங்கட்டைத் தாண்டி, கொல்லைத் தாழ்ப்பாளை நீக்கி, தான் விழுந்த அதே பாசிக் கல்லில் கால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மகனும் மருமகளும் படுத்திருக்கும் கதவைத் தட்ட வேண்டும். இரண்டுக்கும் அஞ்சித் தாகத்தை அடக்கிக்கொண்டு படுக்கிறார். என் மாமியாரும் இப்படித்தான். தலைமாட்டில் நான் வைத்த சொம்பு விடிந்த பிறகும் தளும்பத் தளும்ப அப்படியே இருக்கும். "தாகமே இல்லடி" என்பார். உதடு வெடித்திருக்கும். நானும் பல நாள் அதை நம்பினேன்.

தண்ணீரைக் குறைத்தால் விழுகிற ஆபத்து கூடத்தான் செய்யும். உடம்பில் நீர் வற்றினால் படுக்கையை விட்டு எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை கிறுகிறுக்கும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். சிறுநீர்த் தொற்று வந்தால் தள்ளாட்டமும் மனக்குழப்பமும்கூட வரும். அதனால் பகலிலேயே தண்ணீர், மோர், கஞ்சி என்று அடிக்கடி கொடுங்கள். மாத்திரைகளில் நீர் போக்கும் மாத்திரை உண்டா, அதை எந்த வேளைக்குத் தருவது என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தூங்கி எழுந்ததும் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டு நடக்கட்டும்.

நல்ல திடத்தோடு இருக்கிற நீங்கள் கழிவறை உள்ள அறையில், 76 வயது அம்மா கூடத்தில். இது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. அறையை மாற்றிக்கொள்ளுங்கள். வசதியான அறை வீட்டில் மூத்தவருக்குத்தான். இதில் மறுபேச்சுக்கே இடமில்லை. மனைவியிடம் நீங்களே பேசுங்கள், அம்மா வாயால் கேட்கும்படி வைக்காதீர்கள். "எனக்கு எதுக்குடா" என்பார். காதில் போட்டுக்கொள்ளாமல் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் போடுங்கள். அடுத்த தடவை உடைவது இடுப்பெலும்பாக இருந்தால், ஆபரேஷன், மாதக்கணக்கில் படுக்கை என்று போய்விடும்.

கழிவறைச் சுவரில் ஆள் கனம் தாங்கும் கம்பி ஒன்றைக் கொத்தனாரை வைத்துப் பதியுங்கள். துண்டு போடும் கம்பி பிடித்த கையோடு பெயர்ந்து வரும். ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். டைல்ஸ் சொரசொரப்பாக இருந்தால் எதுவும் சரிதான், ஈரம் தங்காமல் துடையுங்கள். மழை விட்டதும் கொல்லைக் கல்லுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து விடுங்கள். துளசிக்குத் தண்ணீர் ஊற்ற அம்மா பகலில் அங்கே போகத்தான் செய்வார்.