தோல் நலம்: கடித்தது ஒன்று, தடித்தது பத்து

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. மழைக்காலம் தொடங்கினால் முழங்காலுக்குக் கீழும் முன்கைகளிலும் சிறு தடிப்புகள் கிளம்புகின்றன. சொறிந்து சொறிந்து புண்ணாகி, கறுப்புத் தழும்பாக நின்றுவிடுகின்றன. இரத்தம் கெட்டிருக்கிறது என்று மாமியார் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிட்டார். பூச்சிக்கடிதான் என்கிறார் மருத்துவர். அப்படியானால் எங்களை மட்டும் அது ஏன் விட்டுவைக்கிறது? – வாசகி, மன்னார்குடி

பதில்: உங்களையும் கடிக்கத்தான் செய்கிறது; உங்கள் தோல் அதற்குப் பழகிவிட்டது, மகனின் தோல் இன்னும் பழகவில்லை. கொசு, தெள்ளுப்பூச்சி, மூட்டைப்பூச்சி ஆகியவை இரத்தம் உறிஞ்சும்போது, அது உறைந்துவிடாமல் இருப்பதற்காகத் தம் உமிழ்நீரைத் தோலுக்குள் செலுத்துகின்றன. அதிலுள்ள புரதங்களை உடல் அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்ப்பதால்தான் தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. கடித்த சில நிமிடங்களில் எழும் வீக்கம் விரைவில் அடங்கிவிட்டாலும், ஓரிரு நாட்களில் அதே இடத்தில் கெட்டியான பரு ஒன்று தோன்றிப் பல நாட்கள் நீடிப்பதுண்டு. 2 முதல் 10 வயது வரையிலான குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இந்த நிலையை மருத்துவர்கள் ‘பாப்புலர் அர்டிகேரியா’ என்பார்கள். புதிதாக ஓரிடத்தில் கடிபட்டாலும், முன்பு ஆறிய பழைய தடிப்புகள் மீண்டும் சிவந்து அரிக்கக்கூடும் என்பது இதன் தனித்தன்மை. ஒரே இரவில் பத்து இடங்களில் கடித்துவிட்டதாகத் தாய்மார்கள் பதறுவதற்கும், உணவின் மீது பழி விழுவதற்கும் இதுவே காரணம்.

புதிய தடிப்பு ஒன்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி தெரிந்தால், பெரும்பாலும் அது பூச்சி கடித்த வாய்தான். விரலிடுக்குகளில் அரிப்பு இருந்து, இரவில் அது கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறியத் தொடங்கினால், அது சிரங்காக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு.

காலமைன் லோஷன், மருத்துவர் அளவு குறித்துத் தரும் அரிப்பு மருந்து, ஒட்ட நறுக்கிய நகங்கள், முழுக்கால் சட்டை, கொசுவலை ஆகியவையே பெரும்பாலும் போதும். சீழ் வைத்தாலோ, புண்ணின் மேல் தேன்நிறப் பொருக்கு கட்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தொடவே வேண்டாம். கறுப்புத் தழும்புகள் மறையச் சில மாதங்கள் ஆகும். கத்தரிக்காய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. அதை மாமியாரிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்பதற்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: விடுதியில் காலையில் எழுந்தபோது கழுத்தில் சூடு இழுத்ததுபோல் நீளமாகச் சிவந்து எரிந்தது, மறுநாள் கொப்புளித்தது. பல்லி சிறுநீர் பட்டிருக்கும் என்கிறார்கள். உண்மையா? – கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

பதில்: பல்லி மீது குற்றமில்லை. நீங்கள் சொல்லும் அடையாளம், பெடரஸ் என்னும் சிறு வண்டினால் வரும் தோல் அழற்சிக்குப் பொருந்துகிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில், ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி அமைந்த உடலுடைய இந்த வண்டு கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. வயலில் நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியைத் தின்று உழவருக்கு உதவுகிற இது, மழைக்காலத்தில் விளக்கொளியை நாடி அறைக்குள் வந்துவிடும். தூக்கத்தில் கையால் தேய்த்து நசுக்கும்போது அதன் உடல்நீரிலுள்ள பெடரின் என்னும் நஞ்சு தோலில் கோடாகப் பரவ, ஓரிரு நாளில் எரிச்சல் முற்றும். உடலில் ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அடிக்காதீர்கள். பட்ட இடத்தை உடனே சோப்பு நீரால் கழுவி, அந்தக் கையால் கண்ணைத் தொடாமல் இருங்கள்.

கேள்வி: தோட்ட வேலைக்குப் போய்வரும் என் தந்தைக்கு 5 நாட்களாகக் காய்ச்சலும் தலைவலியும் உள்ளன. அக்குளில் வலியோ அரிப்போ இல்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருக்கிறது. காத்திருக்கலாமா? – வாசகர், வேலூர்

பதில்: காத்திருக்க வேண்டாம், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அந்தப் பொருக்கைக் காட்டுங்கள். புதர்களில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக அது இருக்கலாம். டாக்ஸிசைக்ளின் போன்ற எளிய மருந்துக்கே கட்டுப்படும் நோய்தான் என்றாலும், தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் பாதிக்கக்கூடியது.