அரைஞாண் கயிறு இறுகினால் காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. பல வருடங்களாக ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது, கல்லீரல் சுருங்கிவிட்டது. இப்போது 4 செ.மீ. கட்டி, புற்றுநோய் என்கிறார்கள். ஆபரேஷன் முடியாது, ஊசி விட்டுச் சுடவும் முடியாது, ஐந்து நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம் என்கிறார்கள். முடி கொட்டுமா? பேத்தியைப் பக்கத்தில் விடலாமா? கீழாநெல்லி கொடுக்கலாமா? கல்லீரலில் கரண்ட் வைத்தால் கல்லீரலே கருகிவிடும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். அப்பாவிடம் 'சின்னக் கட்டி' என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அம்மா இல்லை. கையெழுத்து நான்தான் போட வேண்டும்.
– ஒரு வாசகி

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது முடியோ கீழாநெல்லியோ இல்லை, அந்தக் கையெழுத்துதான். நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், நாமே சம்மதித்து அவர் கல்லீரலைக் கருக்கிவிட்டோமே என்று காலத்துக்கும் மனசு அரிக்குமே என்ற பயம்.

யூடியூபில் அவர் சொல்வது அறுபது வருடத்துக்கு முந்தைய கதை. அன்றைக்குக் கட்டி எங்கே என்று துல்லியமாகப் பார்க்க ஸ்கேன் கிடையாது. கல்லீரல் முழுவதற்கும் சேர்த்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மொத்த அளவு 35 கிரேயை (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டியவர்களில் பலருக்குச் சில வாரங்களில் கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்தது. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 1965-ல் இதைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் கதிர்வீச்சு மருத்துவர்களான நாங்களே கல்லீரல் பக்கம் கதிர்வீச்சைக் கொண்டுபோகத் தயங்கினோம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருப்பது அந்தச் சிகிச்சை இல்லை. ஐந்து நாள் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எஸ்.பி.ஆர்.டி. என்ற முறையாகத்தான் இருக்க வேண்டும். பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களாக அனுப்பி, எல்லாம் கட்டியில் வந்து கூடும்படி செய்வார்கள். கட்டிக்கு ஐந்து தடவையில் 40, 50 கிரே வரைகூடப் போகும். கட்டியைத் தாண்டியதும் அளவு மளமளவென்று இறங்கிவிடும். நல்ல கல்லீரலில் குறைந்தது 700 மி.லி. பகுதியாவது தாங்கக்கூடிய வரம்புக்குள் நிற்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. அது நிற்கவில்லை என்றால் அளவைக் குறைப்போம், அல்லது சிகிச்சையே வேண்டாம் என்போம். கல்லீரல் மூச்சோடு சேர்ந்து ஒன்றிரண்டு செ.மீ. மேலும் கீழும் போய்வரும். அதனால் வயிற்றை ஒரு பட்டையால் அழுத்தியோ, மூச்சைப் பிடித்து நிறுத்தச் சொல்லியோ அந்த அசைவைக் கட்டுப்படுத்துவார்கள். ஒவ்வொரு நாளும் கதிர் கொடுப்பதற்கு முன்னால் அதே மேசையில் ஸ்கேன் எடுத்து இடத்தைச் சரிபார்ப்பார்கள். கைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அசையாமல் படுப்பதுதான் அப்பாவுக்குச் சிரமமாக இருக்கும். தோள் வலி இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் முடியாது என்றதைக் கைவிட்டுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுருங்கிய கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டினால் மிச்சம் இருப்பது உடம்பைத் தாங்காது. ஊசி விட்டுச் சுடும்போது கட்டி பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தால், ஓடும் ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும், கட்டியின் ஓரம் வேகாமல் நின்றுவிடும். கதிர்வீச்சுக்கு அந்தத் தொல்லை இல்லை. சரியான நபருக்குக் கொடுத்தால், அந்தக் கட்டி இரண்டு வருடம் வரை வளராமல் அடங்கிக் கிடப்பதைப் பெரும்பாலானவர்களிடம் பார்க்கிறோம். ஆனால் சுருங்கிய கல்லீரலில் வேறொரு இடத்தில் புதுக்கட்டி முளைக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஐந்து நாள் முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு, இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது மாதம் வரை அப்பாவின் வயிற்றைப் பாருங்கள்.

என்னிடம் சிகிச்சை எடுத்த ஒருவர் ஆறாவது வாரம் வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருந்தது. "அரைஞாண் கயிறு இறுகுதுன்னு சொன்னார், டாக்டர். நான் அவுத்துத் தளர்த்திக் கட்டினேன். கஞ்சி குடிக்கிறதுல உடம்பு தேறுதுன்னு நெனச்சேன்" என்றார் மனைவி. முடிச்சை இரண்டு தடவை தள்ளிக் கட்டியிருந்தார். எடை பத்து நாளில் நான்கு கிலோ ஏறியிருந்தது. தோளிலும் தொடையிலும் சதை கரைந்துகொண்டே இருக்க, எடை மட்டும் ஏறினால் அது தேறுதல் இல்லை, நீர். கயிறு முதல் தடவை இறுகியபோதே வந்திருந்தால் அவருடைய நிலைமை வேறாக இருந்திருக்கும். விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. மாத்திரை அதிகமாக இருக்கிறதே என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஹெபடைட்டிஸ் பி மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள்.

வயிற்றில் நீர் கோப்பதற்கு அந்த நாட்களில் மூன்று நான்கு காரணங்கள் இருக்கலாம். நல்ல கல்லீரல் கதிரைத் தாங்காமல் போயிருக்கலாம். வைரஸ் மறுபடி கிளம்பியிருக்கலாம். கட்டி, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். கல்லீரல் சுருக்கமே (சிரோசிஸ்) முற்றியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வயிறுதான். அல்ட்ராசவுண்ட், ரத்தப் பரிசோதனை, வைரஸ் அளவு, தேவைப்பட்டால் ஊசியில் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதிப்பது, இவை இல்லாமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மருந்துக்கடையில் 'நீர் பிரியும் மாத்திரை' வாங்கிக் கொடுத்துச் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ஆகவே வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி வையுங்கள். காலையில் பல் தேய்த்ததும், சாப்பிடுவதற்கு முன்னால், எடை பார்த்து காலண்டர் தாளிலேயே குறித்துவிடுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு கிலோ ஏறினாலோ, கயிறு இறுகினாலோ, கண் மஞ்சளித்தாலோ, மறுநாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். வயிறு வீங்கியதோடு காய்ச்சலோ வயிற்றுவலியோ இருந்தால், அல்லது பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்துக்கொண்டு சம்பந்தமில்லாமல் பேசினால், மறுநாள்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

டெனோஃபோவிர், என்டெகாவிர், எது எழுதியிருந்தாலும் ஹெபடைட்டிஸ் பி மாத்திரையை ஒரு நாள்கூட விடக்கூடாது. ஊருக்குப் போகும்போது முதலில் பையில் போக வேண்டியது அந்த டப்பாதான்.

மற்றவற்றுக்கு நேரடியாகப் பதில். முடி கொட்டாது, கதிர் தலைக்குப் போகவில்லை. மெஷினை நிறுத்தியதும் கதிர் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. பேத்தியை மடியில் போட்டுக்கொள்ளட்டும், அவருக்கும் அது தேவை. ஒரு வாரம் பத்து நாள் சோர்வும் குமட்டலும் இருக்கும், தானாகவே போய்விடும். கட்டி இரைப்பைக்குப் பக்கத்தில் இருந்தால் புண் வராமல் இருக்க மாத்திரை கொடுப்பார்கள், சொன்ன நாள்வரை போடுங்கள். மலம் கறுத்துப் போனால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

கீழாநெல்லி வேண்டாம். சீந்தில் வேண்டாம். மஞ்சள் கேப்சூலும் முள் சீத்தா இலையும் வேண்டாம். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே 2021-ல் எழுதியிருக்கிறார்கள். கல்லீரல் நன்றாக இருப்பவர் தாங்கிக்கொள்ளலாம். உங்கள் அப்பாவிடம் தாங்கிக்கொள்ள மிச்சம் அதிகம் இல்லை. அதோடு, இடையில் ரத்தப் பரிசோதனை மோசமானால் கதிராலா, வைரஸாலா, இலையாலா என்று எங்களால் கண்டுபிடிக்க முடியாமல் போகும். முதுகுவலிக்கு டைக்லோஃபினாக் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் எத்தனை என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டு.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். அப்பா தெளிவாகப் பேசுகிறார், தன் காரியத்தைத் தானே பார்க்கிறார் என்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான், நீங்கள் இல்லையம்மா. 'சின்னக் கட்டி' என்று சொல்லி ஐந்து நாள் மெஷினுக்குள் படுக்க வைத்தால் அவருக்குப் புரியாமலா போகும்? வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மற்ற நோயாளிகளைப் பார்த்தே தெரிந்துகொள்வார். பிறகு அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்வார். நீங்களாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், அவரையும் அழைத்துக்கொண்டு போய் மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். "அப்பாவுக்கு எவ்வளவு தெரிய வேண்டுமோ அவ்வளவும் சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று கேட்டால் போதும். அவர் மனசார ஒப்புக்கொண்டு போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்கள் சாட்சியாகப் போட்டால், இப்போது உங்களை அழுத்தும் பாரம் பாதியாகக் குறையும்.

அன்றைக்கே மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கல்லீரல் எவ்வளவு தாங்கும் என்று ஏ, பி, சி எனத் தரம் பிரிக்கும் சைல்ட்-பியூ கணக்கில் அப்பாவின் கல்லீரல் ஏ-யா, பி-யா? பிளானில் நல்ல கல்லீரலுக்குச் சராசரியாக எத்தனை கிரே போகிறது? ராத்திரி பத்து மணிக்கு வயிறு வீங்கினால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்? முதல் கேள்விக்கு 'ஏ' என்று பதில் வந்தால் தைரியமாக ஒப்புக்கொள்ளலாம். 'பி' என்றால் அளவை எப்படிக் குறைக்கிறார்கள் என்று விளக்கச் சொல்லுங்கள். 'சி' என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், பேச வேண்டியது வேறு. மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் எண்ணை, எடை எழுதும் அந்தக் காலண்டர் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.