பழைய கதையை ஏன் புரட்டித் தள்ளுகிறார்கள்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒரு துப்பறியும் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 1832ல் ஒரு பெரிய வீட்டில் ஒரு சாவு. காலரா என்கிறார் மருத்துவர். இன்று அந்த வீட்டை வாங்கும் பெண்ணுக்கு ஒரு கடிதக்கட்டு கிடைக்கிறது. அவள் ஒரு கடிதம் படித்ததும் அடுத்த அத்தியாயம் பழைய காலத்துக்குப் போகும். கைப்பிரதியைப் படித்த நண்பர்கள் பழைய அத்தியாயங்களைப் புரட்டித் தள்ளிவிட்டார்களாம். பேசாமல் நேர்வரிசையில் எழுதிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேண்டாம். நேர்வரிசையில் எழுதினால் கொலை முதலிலேயே நடந்து முடிந்துவிடும், மிச்சப் பக்கங்களில் மர்மம் இருக்காது. கோளாறு காலத்தில் இல்லை, கடிதக்கட்டில் இருக்கிறது. அவள் கடிதத்தைப் படித்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. அதையே அடுத்த அத்தியாயத்தில் நடித்துக் காட்டினால் யார் படிப்பார்கள்?

கோனன் டாயிலே இதில் சறுக்கியிருக்கிறார். 1887ல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலில், பாதியிலேயே கொலையாளிக்கு விலங்கு மாட்டியாகிறது. அப்புறம் ஐந்து அத்தியாயம் அமெரிக்காவில் நடந்த பழைய கதை. அகதா கிறிஸ்டியின் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' நாவலில் 16 வருடத்துக்கு முந்தைய கொலையை ஐந்து பேர் எழுதித் தருகிறார்கள். அதே வீடு, அதே ஆட்கள். ஆனாலும் அலுப்பதில்லை, ஒருவர் எழுதியதை அடுத்தவர் எழுதியது கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது.

தெரிந்தோ தெரியாமலோ நல்ல வருடத்தைப் பிடித்திருக்கிறீர்கள். ஆர்சனிக்கைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் முறையை ஜேம்ஸ் மார்ஷ் வெளியிட்டது 1836ல்தான். அந்த விஷம் தரும் வாந்தியும் பேதியும் பார்வைக்குக் காலரா மாதிரியே இருக்கும். ஆகவே உங்கள் மருத்துவரை முட்டாளாகக் காட்டத் தேவையில்லை (இப்போது காட்டியிருக்கிறீர்கள்). இன்றைய ஆய்வகம், புதைத்த உடலின் முடியில் ஆர்சனிக் இருப்பதைச் சொல்லிவிடும். ஆனால் மண்ணிலிருந்தும் அது முடியில் ஏறலாம், எனவே மண்ணையும் சோதிக்க வேண்டும். அதிலேயே இரண்டு அத்தியாயம் இழுக்கலாம். சரி, விஷம்தான் என்றே வைத்துக்கொள்வோம். யார் கையால் உள்ளே போனது? சமையலறைச் சாவி அன்று யாரிடம் இருந்தது என்பது அந்த வீட்டு வேலைக்காரச் சிறுமிக்குக்கூடத் தெரியும். இன்று உயிரோடிருக்கும் யாருக்கும் தெரியாது.

அங்கே இருப்பவர்களுக்கு விஷம் தெரியாது, இங்கே இருப்பவளுக்குச் சாவி தெரியாது. இரண்டு காலத்திலும் கால் வைத்திருப்பவர் வாசகர் மட்டும்தான். அவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள், ஒரு பக்கம்கூடத் தள்ள மாட்டார். கடிதக்கட்டில் ஒரே ஒரு கடிதத்தை வையுங்கள், அதுவும் பொய் சொல்லும் கடிதமாக இருக்கட்டும். சாவி மட்டும் பழைய அத்தியாயத்தில், வேறு ஏதோ சண்டைக்கு நடுவே, போகிற போக்கில் கை மாறட்டும்.

கொலையாளி யார் என்றும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். இங்கே போடும்போது அந்த வரியை வெட்டிவிட்டேன்.