நாணயக் கேள்வி பதில்: பளிச்சென்ற பழைய ரூபாயை நம்பலாமா?

கேள்வி: 1862ஆம் வருட விக்டோரியா வெள்ளி ரூபாய் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதுக்காசு போலப் பளபளக்கிறது. "பெட்டியிலேயே கிடந்த யுஎன்சி காசு", அதாவது புழக்கத்துக்கே வராத காசு என்கிறார் விற்பவர். கழுவிய காசா இல்லையா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: முடியும். முதலில் ராணியின் கன்னம், காதுக்கு மேலே உள்ள முடி, கிரீடத்தின் மேடுகள் ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே முடியிழைகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் அது பல கை மாறிய காசு. 91.7 சதவீத வெள்ளி இத்தனை வருடம் கைபட்டால் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும், எழுத்துகளைச் சுற்றிக் கொஞ்சம் கருமையும் சேரும். தேய்மானமும் இருக்கிறது, காசு வெள்ளை வெளேரென்றும் இருக்கிறது என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். விற்பவர் 'யுஎன்சி' என்று சொல்வதற்கு ராணியின் கன்னமே எதிர்சாட்சி.

தேய்மானம் தெரியவில்லையா? அடுத்தது விளக்குச் சோதனை. ஒற்றை பல்பு போட்ட மேஜை விளக்கு ஒன்றும், நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்றும் வேண்டும். டியூப் லைட் உதவாது. ஒளி எல்லாப் பக்கமும் பரவி, கீறலை மறைத்துவிடும். மற்ற விளக்குகளை அணையுங்கள். பல்புக்கு ஒரு அடி கீழே, காசின் விளிம்பை மட்டும் இரு விரலால் பிடித்து, மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள்.

காசு அடிக்கும்போது அச்சு விழும் வேகத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அப்போது மேற்பரப்பில் மிக நுண்ணிய வரிகள் உண்டாகின்றன. கை படாத காசைச் சாய்த்தால் இந்த வரிகளில் பட்ட ஒளி, வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போல நடுவைச் சுற்றி ஓடும். ரசாயனத்தில் முக்கி எடுத்த காசில் இது மங்கிப்போகும். கறுத்த படலம் வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தது. அதைக் கரைக்கும்போது அதிலுள்ள வெள்ளியும் போகிறது, கூடவே நுண்வரிகளும் மழுங்குகின்றன. ஒரு தடவை லேசாக முக்கியதைக் கண்டுபிடிப்பது கடினம். பல தடவை முக்கியது வெளுத்திருக்கும், ஆனால் காசைச் சுழற்றும்போது ஒளி நகராது.

தேய்த்துத் துலக்கியிருந்தால் வேறு அடையாளம். குத்துவிளக்குக்கு விபூதி போட்டுத் துடைக்கிற அதே கை காசையும் துடைத்திருக்கும். பற்பசை, பாத்திரப் பொடி, வெள்ளிப் பட்டறையில் பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு போடும் பித்தளைக் கம்பி பிரஷ் எல்லாமே கீறும். காசைச் சுழற்றும்போது குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் மயிரிழைக் கோடுகள் கூட்டமாக மின்னி மறையும். அவை ஒரே திசையில் இணையாகவோ, வட்ட வட்டமாகவோ ஓடும். விரல் புகாத இடங்களில், அதாவது எழுத்துகளின் இடுக்கில், கருமை அப்படியே நிற்கும்.

ஆனால் எல்லாக் கோடும் கழுவிய கோடு அல்ல. மூட்டையில் காசும் காசும் உரசிய தழும்புகள் குட்டையாக, தனித்தனியாக, திசையில்லாமல் இருக்கும். காசு அடிக்கும் அக்கசாலையில் அச்சையே மெருகேற்றியதால் வந்த கோடுகளும் உண்டு. அவை லென்ஸில் மேடாகத் தெரியும். எழுத்தின் அடிவாரத்தில் நின்றுவிடும், எழுத்தின் மேல் ஏறாது. துடைத்த கோடு பள்ளமாக இருக்கும், வெற்றுப் பகுதியிலிருந்து எழுத்தின் மேலும் ஏறிப் போகும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல காசைக் கழித்துவிடுபவர்களும் உண்டு.

ஆன்லைனில் வாங்குவதானால் ஸ்கேன் படத்தை நம்பாதீர்கள், அதில் மயிரிழைக் கோடு தெரியாது. விளக்கின் கீழ் சாய்த்துச் சுழற்றிய வீடியோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 1835 கால் அணா செம்புக்காசு நல்ல சிவப்பாக இருக்கிறது. இது அசல் நிறமா? (ஈரோடு வாசகர்)

பதில்: சிவப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செம்பு இயல்பாகப் பழுக்கும்போது மேடுகள் முதலில் பழுப்பாகும். எழுத்தைச் சுற்றியுள்ள ஒதுக்கிடங்களில்தான் கடைசிவரை சிவப்பு தங்கும். உங்கள் காசில் மேடு பளபளத்து இடுக்கு கறுத்திருந்தால் தேய்த்தது. புளி, எலுமிச்சை போட்டதில் காசு முழுக்க ஒரே சீரான, உயிரில்லாத இளஞ்சிவப்பாக இருக்கும். எழுத்து மூலைகளில் வெள்ளைத் துகள் தெரிந்தால் அது பாத்திரப் பொடியின் மிச்சம். கழுவிச் சில வருடம் ஆன செம்பு திட்டுத்திட்டாக ஊதா கலந்த பழுப்புக்கு வரும். அதை 'அழகான டோனிங்' (காலப்போக்கில் தானாக வந்த நிறமாற்றம்) என்று விற்பார்கள்.

கேள்வி: வானவில் நிறத்தில் வெள்ளி ரூபாய்கள் கூடுதல் விலைக்கு விற்கின்றனவே? (கோவை வாசகர்)

பதில்: இயற்கையாக வந்ததும் உண்டு, சமைத்ததும் உண்டு. இயற்கை நிறம் பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி உள்நோக்கி நகரும். இளமஞ்சள், செம்மஞ்சள், ஊதாச்சிவப்பு, நீலம் என்று ஒன்றிலிருந்து ஒன்று படிப்படியாக மாறும். மஞ்சளே இல்லாமல் நீலம் திடீரென்று தொடங்கினாலோ, திட்டாகச் சிந்தியது போலிருந்தாலோ சந்தேகப்படுங்கள். கந்தகமோ அவித்த முட்டையின் மஞ்சள் கருவோ வைத்து மூடிய டப்பாவில் இதைச் செய்துவிடலாம். துடைத்த கீறலை மறைக்கவே பலர் இப்படிச் செய்கிறார்கள், அதனால் நிறத்துக்கு அடியில் கோடு இருக்கிறதா என்று விளக்கில் பாருங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்த காசுகளில் பச்சையாகப் பிசுபிசுப்பு. கழுவலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: இது பிவிசி என்ற வகைப் பிளாஸ்டிக் உறையால் வருகிற பிசின். இதை எடுத்தே ஆகவேண்டும், விட்டால் உலோகத்தை அரிக்கும். சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும்வரை ஊற்றி 10 நிமிடம் விடுங்கள், திருப்பிப் போட்டு இன்னும் 10 நிமிடம். பிறகு புது அசிட்டோனில் ஒரு முறை அலசித் தானாகக் காயவிடுங்கள். பஞ்சால்கூடத் துடைக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, சாமி விளக்கு எதுவும் எரியாத அறையில் செய்யுங்கள். அசிட்டோன் வெள்ளியையோ செம்பையோ தொடாது. பிசின் ஏற்கெனவே அரித்த பள்ளத்தை நிரப்பவும் செய்யாது. காசைத் திரும்பப் பழைய உறையில் போட்டால் செய்ததெல்லாம் வீண்.

கேள்வி: ராஜராஜ சோழன் செப்புக்காசுகள் எல்லாமே கழுவியவைதானே? அவற்றை மட்டும் ஏன் குறை சொல்வதில்லை? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மண்ணிலும் ஆற்றிலும் கிடந்த காசை மண் நீக்காமல் படிக்கவே முடியாது, அதனால் அங்கே அளவுகோல் வேறு. கெட்டியான பச்சை அல்லது கரும்பழுப்புப் படலம் இருக்க வேண்டும். அமிலத்தில் போட்டு அதை உரித்து, குழிகுழியான இளஞ்சிவப்புச் செம்பு வெளியே வந்திருந்தால் விலை குறையும். வெளிர்பச்சையில் மாவு போல உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரக்காற்று பட்டால் மீண்டும் மீண்டும் வரும். அப்படிப்பட்ட காசை மற்றவற்றோடு வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட தனி டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: காசுமாலையிலிருந்து எடுத்த ரூபாயை எப்படி அடையாளம் காண்பது? (மதுரை வாசகர்)

பதில்: விளிம்பைப் பாருங்கள், பெரும்பாலும் தலைக்கு நேர் மேலே. வளையம் பற்றவைத்த இடத்தில் விளிம்பின் வரிப்பள்ளங்கள் நிரம்பியோ அரத்தால் ராவப்பட்டோ இருக்கும், சுற்றியுள்ள நிறமும் மாறியிருக்கும். மற்ற இடங்களில் உள்ள பள்ளங்களோடு லென்ஸில் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.