கடைசி கான் ஏமாளியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரிமியா பற்றிய கட்டுரையில் அங்கே ஆண்ட தாத்தார் அரசர்களில் கடைசிக் கானான ஷாஹின் கிராயை 'ருஷ்யாவின் பொம்மை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். வெளிநாடு பார்த்தவர், படையைத் திருத்தியவர், கவிதையும் எழுதியவர். முல்லாக்கள் அவரைக் கவிழ்த்தார்கள், அந்தச் சந்தில் ருஷ்யப் பேரரசி கேத்தரின் நாட்டைப் பிடுங்கிக்கொண்டார் என்றுதான் நான் வாசித்திருக்கிறேன். அவருக்கு இன்னும் இருபது வருடம் கிடைத்திருந்தால் ருஷ்யாவை நவீனமாக்கிய ஜார் மகா பீட்டரைப் போல இன்னொருவர் ஆகியிருக்க மாட்டாரா?

கே.

அன்புள்ள கே.,

'பொம்மை' தவறான சொல்தான். பொம்மைக்குச் சொந்தத் திட்டம் கிடையாது. ஷாஹினுக்கோ அது அளவுக்கு மீறியே இருந்தது. ஆனால் முல்லாக்கள் கவிழ்த்தார்கள் என்பது பாதிக் கதை.

கிரிமியாவில் கான் தனியாக ஆண்டதே இல்லை. நிலமும் குதிரைப்படையும் ஷிரின், மன்சூர், பாரின், அர்கின் போன்ற குலத்தலைவர்கள் கையில். இஸ்தான்புல்லில் இருந்த ஒட்டோமான் சுல்தான் நினைத்தால் கானை ஏற்றலாம், இறக்கலாம். ருஷ்யாவும் ஒட்டோமான்களும் போர் முடிந்து செய்துகொண்ட 1774 குச்சுக் கைனார்ஜி உடன்படிக்கை, கிரிமியாவில் சுல்தானுக்கு மதத்தலைமையை மட்டும் விட்டுவைத்தது. அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தார்கள். 1777இல் ருஷ்யப் படையின் துணையோடு ஷாஹின் கான் ஆனார். மிஞ்சியிருந்த ஒரே பிடிமானம் குலங்கள். அவற்றையும் விலக்கிவிட்டு சம்பளப் படை, ஐரோப்பியச் சீருடை, மையக் கருவூலம், கிறிஸ்தவக் குடிகளுக்குச் சம அந்தஸ்து என்று இறங்கினார். அந்த ஆண்டே கலகம். அடக்கியது ருஷ்யப் படை.

கேத்தரின் கிரிமியாவை எடுத்துக்கொண்ட 1783ஐத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு 1778தான் முக்கியம். அந்த ஆண்டு ருஷ்யத் தளபதி சுவோரவ் கிரிமியாவின் கிரேக்க, அர்மீனியக் கிறிஸ்தவர்கள் சுமார் 31,000 பேரைக் கிளப்பி அஸோவ் கடலின் வடகரைப் பக்கம் அனுப்பினார். தோட்டக்காரர்கள், கைவினைஞர்கள், கடைக்காரர்கள். கானுக்குக் காசாக வரி கட்டியவர்கள். கிறிஸ்தவர்களைக் காப்பாற்றுகிறோம் என்பது வெளியில் சொன்ன காரணம். காலியானது கானின் கருவூலம். அதைச் செய்தது எதிரி அல்ல, அவரை அரியணையில் உட்காரவைத்தவர்களே. ஷாஹின் கொதித்துப்போனார். கையில் நஷ்டஈடு திணித்தார்கள். வரி வாங்கிய அரசர் படி வாங்கும் அரசரானார். சம்பளப் படை வைக்க ஆசைப்பட்டவருக்கு இதைவிடப் பெரிய அடி வேண்டுமா?

போனவர்களுக்கும் சுகமில்லை. வழியிலும் குளிரிலும் பலர் செத்தார்கள். மிஞ்சிய கிரேக்கர்கள் உருவாக்கிய ஊர்தான் மரியுபோல். அதைச் சுற்றி யால்தா, உர்சூஃப், ஸ்தாரி கிரிம் என்று கிரிமியப் பெயர்களிலேயே ஊர்கள் இருக்கின்றன. அங்குள்ள கிரேக்கர்களில் ஒரு பிரிவினரான உரூம்களின் தாய்மொழி கிரேக்கம் அல்ல, தாத்தார் மொழிக்கு நெருங்கிய துருக்கிய மொழி. கானின் குடிகள் கானின் நாவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். (இந்த இடத்தில் எனக்கு வரலாறு மறந்துபோய் நாவல் ஞாபகம் வந்துவிடும். விட்டுவிடுகிறேன்.)

பிறகு நடந்தது சீக்கிரம் முடிகிற கதை. 1782இல் சொந்த அண்ணன் பஹாதிர் கிராயே கலகத்துக்குத் தலைமை தாங்கினார். ஷாஹின் கெர்ச்சில் ருஷ்யர்களிடம் ஓடினார். கேத்தரினின் வலதுகையான பொத்தெம்கின் அனுப்பிய படை அவரைத் திரும்ப உட்காரவைத்தது. அடுத்த ஏப்ரலில் கிரிமியா ருஷ்யாவுடையது என்று கேத்தரின் அறிவித்துவிட்டார். முன்னாள் கானை வரோனெஷ், கலூகா என்று ருஷ்யாவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 1787இல் ஒட்டோமான் மண்ணுக்குப் போனார். சுல்தான் அவரை ரோட்ஸ் தீவுக்கு அனுப்பி, அங்கேயே கொல்லவைத்தார்.

பீட்டர் பற்றிக் கேட்டீர்கள். பீட்டர் பிரபுக்களின் தாடியை வெட்டியபோது பின்னால் நின்ற படை அவருடையது, சம்பளமும் அவருடையது. ஷாஹினுக்குப் பின்னால் நின்றது கேத்தரினின் படை. இருபது வருடம் அல்ல, நாற்பது வருடம் கொடுத்திருந்தாலும் அந்தக் கணக்கு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன்.

கட்டுரையில் 'பொம்மை'யை எடுத்துவிட்டேன். 1778 பற்றி ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுதுங்கள்.