டவர் நிற்கிறது, சிக்னல் எங்கே போனது?

வாசகர் கேள்விகள்: ஓய்வுபெற்ற டெலிபோன்காரர் பதில்கள்

சென்ற இதழில் சூடான் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். 2024 பிப்ரவரியில், உள்நாட்டுப் போருக்கு நடுவே, அந்த நாட்டில் போனும் இணையமும் மொத்தமாக அடங்கிப்போனது என்று. அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும்போல் இருக்கிறது.

ஒரு நாட்டின் இணையத்தை மொத்தமாக அணைக்க முடியுமா ஐயா? அதற்கென்று சுவிட்ச் எதுவும் இருக்கிறதா? (பொறியியல் மாணவர், கோவில்பட்டி)

வீட்டு மெயின் சுவிட்ச் மாதிரி சுவரில் ஒன்று கிடையாது, தம்பி. ஆனால் அந்த வேலையைச் செய்துவிடலாம். உள்நாட்டுப் போர்களில் நடந்த இரண்டு விதங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, சிரியா. 2012 நவம்பர் 29, பகல் பன்னிரண்டரை மணிவாக்கில் அந்த நாடே இணையத்திலிருந்து காணாமல் போனது. இணையத்தில் ஒவ்வொரு வலையமைப்பும் 'இன்னின்ன முகவரிக்கு என் வழியாக வரலாம்' என்று அக்கம்பக்கத்து வலையமைப்புகளிடம் சொல்லி வைத்திருக்கும். சிரியாவுக்கு அப்படி 84 முகவரித் தொகுதிகள். வெளியுலகுக்கு வாசல் என்று இருந்தது அரசின் தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றுதான். சொல்லி வைத்த வழிகள் அந்த வாசலில் மடமடவென்று திரும்பப் பெறப்பட்டன. வழி தெரியாவிட்டால் தபால் எப்படிப் போகும்?

பயங்கரவாதிகள் கேபிளை அறுத்துவிட்டார்கள் என்றது அரசுத் தரப்பு. டார்ட்டூஸ் கரையில் மூன்று கடலடிக் கேபிள்கள், துருக்கி வழியாகத் தரையில் ஒன்று. நான்கையும் சில நிமிடங்களுக்குள் அறுக்க எத்தனை ஆள், எத்தனை கத்தரி வேண்டும்? என்னோடு வேலை பார்த்த லைன்மேன் ஒருவரும் இதை நம்பமாட்டார். டிசம்பர் 1 அன்று எல்லாம் சேர்ந்தாற்போல் திரும்பி வந்தது. கடலுக்குள் அறுந்த கேபிள் அப்படி வராது. அதை ஒட்டுவதற்குக் கப்பல் போக வேண்டும், நாள் கணக்காகும். அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் 2014இல் ஒரு பேட்டியில் வேறு கதை சொன்னார். அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பு, சிரியாவின் முக்கியமான ரவுட்டர் (இணையப் போக்குவரத்துக்கு வழி காட்டும் இயந்திரம்) ஒன்றுக்குள் நுழையப் போய் அதைப் பாழாக்கிவிட்டது என்று. தனக்கு ஓர் உளவு அதிகாரி சொன்னதாகத்தான் அவரும் சொன்னார்.

இன்னொன்று சூடான். அங்கே நடந்தது எனக்கு இன்னும் நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் அது எங்கள் காலத்து எக்ஸ்சேஞ்ச் சமாசாரம் மாதிரி. 2024 பிப்ரவரி 2 அன்று சூடானி, எம்டிஎன் என்ற செல்போன் நிறுவனங்கள் இரண்டும் விழுந்தன. 7ஆம் தேதிக்குள் மிகப் பெரிய நிறுவனமான ஜைனும் விழுந்தது. கடலடிக் கேபிள்கள் கரையேறும் இடம் செங்கடல் ஓரத்தில் இருக்கும் போர்ட் சூடான். அது ராணுவத்தின் கையில் இருந்தது, சண்டையும் அங்கே இல்லை. ஆனால் மூன்று நிறுவனங்களின் முக்கியமான தரவு மையங்கள் இருந்ததெல்லாம் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, போர் நடந்த தலைநகர் கார்ட்டூமில். நீங்கள் போனைப் போட்டதும் டவர் தலைமையகத்தைத்தான் கேட்கும்: 'இந்த சிம் நம்ம ஆளா?' அங்கே பதில் சொல்ல இயந்திரம் ஓடவில்லை என்றால், அடுத்த தெருவுக்குக்கூட ஹலோ சொல்ல முடியாது. டவர் பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும்.

சூடானில் இதைச் செய்தது யார்? (வாசகர், நாகர்கோவில்)

2023 ஏப்ரல் 15 முதல் அங்கே ஜெனரல் புர்ஹானின் ராணுவமும், ஹெமெட்டி என்று அழைக்கப்படும் தகலோவின் ஆர்எஸ்எஃப் என்ற துணை ராணுவப் படையும் மோதிக்கொள்கின்றன. இணையம் போனதற்கு ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள். கார்ட்டூம் தரவு மையங்களுக்குள் புகுந்து நிறுத்தியது ஆர்எஸ்எஃப் ஆட்கள்தான் என்று தொலைத்தொடர்புத் துறைக்காரர்கள் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். நாட்டின் மேற்கே ஆர்எஸ்எஃப் பிடித்திருந்த தார்ஃபூர் பகுதியில் அதற்கு முன்பே பல மாதங்களாகத் தொடர்பு இல்லை. எங்களுக்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம் என்ற கணக்கு என்றும் பேச்சு.

குண்டு விழும் ஊரில் வாட்ஸ்அப் இல்லை என்பது ஒரு துயரமா? 1971 போரில் யாரிடம் செல்போன் இருந்தது? நீங்களும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி பேசுகிறீர்களே! (ஓய்வுபெற்ற ஆசிரியர், சங்கரன்கோவில்)

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தைத்தான் நான் முதலில் படித்தேன். கேள்வி நியாயமானது. 2023 கடைசிக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதுதான். தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை, போனில் ஒரு கோடு சிக்னல் இல்லை. மருமகன் சென்னையிலிருந்து வந்திருந்தார். பர்ஸில் நாற்பது ரூபாய், போனில் ஐம்பதாயிரம். பால் பாக்கெட் வாங்க இடுப்பளவு தண்ணீரில் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அப்புறம் நான் போனேன். கடைக்கார அண்ணாச்சிக்கு என்னை முப்பது வருஷமாகத் தெரியும். பழைய நோட்டை எடுத்து எழுதிக்கொண்டு பாலும் அரிசியும் கொடுத்தார். இது நடந்து ஆறு வாரத்தில் சூடான் செய்தி வந்ததால்தான் அதைத் தேடித் தேடிப் படித்தேன்.

சூடானில் போர் தொடங்கியதும் முதலில் தீர்ந்துபோனது ரொக்கம். கார்ட்டூமில் வங்கிகள் சூறையாடப்பட்டன, கிளைகள் மூடிக் கிடந்தன, சம்பளம் நின்றது. மிச்சமிருந்தது பங்கக் என்ற செயலி. 'உன் வங்கி' என்று பொருள், கார்ட்டூம் வங்கியுடையது. ஜெட்டாவிலோ கெய்ரோவிலோ இருக்கும் அண்ணன் பணம் அனுப்பினால் அது பங்கக்கில் வந்து விழும். கடைக்காரர் தன் கணக்குக்கு மாற்றச் சொல்லி மாவு கொடுப்பார், அல்லது கமிஷன் பிடித்துக்கொண்டு நோட்டு கொடுப்பார். நாடு பாதி நாள் இப்படித்தான் சாப்பிட்டது.

அதோடு பொதுச் சமையல். தக்காயா என்பார்கள். சூஃபி மடங்களில் வருவோருக்கெல்லாம் சோறு போட்ட பழக்கத்திலிருந்து வந்த பெயர். போரில் அரசு காணாமல் போனதும், அக்கம்பக்கத்து இளைஞர்கள் 'அவசர உதவி அறைகள்' என்று கூடி, தெருவுக்குத் தெரு அண்டா வைத்தார்கள். பருப்பு, ஃபூல் என்கிற மொச்சை மாதிரியான பயறு, ரொட்டி, அவ்வளவுதான். சில குடும்பங்களுக்கு அன்றைக்கு அது ஒரே வேளை. இந்த அண்டாக்களுக்கு வெளிநாட்டுச் சூடானியர் அனுப்பிய பணம் பெரும்பாலும் பங்கக் வழியாகத்தான் வந்தது. பிப்ரவரி முதல் வாரத்தில் பங்கக் திறக்கவில்லை. பருப்பு வாங்கக் காசில்லாமல் கார்ட்டூம் பகுதியில் பல அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டன. துப்பாக்கி எடுக்காமலே பட்டினி போட்டாயிற்று.

எனக்கு இருந்த அண்ணாச்சி அவர்களுக்கு இல்லை, ஐயா. கார்ட்டூமிலிருந்து ஓடி வத் மதனி என்ற ஊருக்குப் போனவர்கள், 2023 டிசம்பரில் அதுவும் ஆர்எஸ்எஃப் கையில் விழுந்ததும் மறுபடி ஓடினார்கள். போன ஊரில் யார் அவர்களை நம்பி நோட்டில் எழுதுவார்கள்? 1971இல் செல்போன் இல்லைதான். சட்டைப்பையில் ரூபாய் நோட்டு இருந்தது, தந்தி ஆபீஸ் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. எந்தச் சாலையில் சோதனைச்சாவடி, எந்தத் தெருவில் இன்றைக்குச் சண்டை என்பதை முன்னே போனவர் பின்னே வருபவருக்குச் சொல்வது போனில்தான். அது இல்லாமல் குடும்பத்தை வண்டியில் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள்.

அங்கே இருந்த நம் ஆட்கள் என்ன ஆனார்கள்? (வாசகி, ராமநாதபுரம்)

பெரும்பாலானவர்கள் முன்பே வந்துவிட்டார்கள், அம்மா. 2023 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் 'ஆபரேஷன் காவேரி' என்று 3,800க்கும் மேற்பட்டவர்களை அழைத்து வந்தார்கள். போர்ட் சூடானிலிருந்து கடற்படைக் கப்பலிலும் விமானப்படை விமானத்திலும் ஜெட்டா, அங்கிருந்து ஊர்.

வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளை எந்தப் படை நிறுத்த முடியும்? ஸ்டார்லிங்க் இருக்கும்போது எதற்குக் கவலை? (வாசகர், விருதுநகர்)

நிறுத்த வேண்டாமே, வாடகைக்கு விட்டால் போதாதா? சாட், தெற்கு சூடான் பக்கமிருந்து ஸ்டார்லிங்க் தட்டுகள் திருட்டுத்தனமாக உள்ளே வந்தன. சந்தையில் ஒரு கீற்றுப்பந்தல், மேலே தட்டு, பக்கத்தில் சோலார் பலகை. மணிக்கு இரண்டு டாலர் அளவு கட்டணம் என்று செய்திகள் வந்தன. பல இடங்களில் தட்டுக்குச் சொந்தக்காரர் ஆர்எஸ்எஃப் ஆளே. பங்கக்கைத் திறந்து பணம் வந்ததா என்று பார்க்க, துப்பாக்கிக்காரரிடமே காசு கொடுத்து உட்கார வேண்டியிருந்தது.

2024 ஏப்ரலில் ஸ்டார்லிங்க் நிறுவனம், உரிமம் இல்லாத நாடுகளில் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சூடானும் அந்தக் கணக்கில் வந்தது. கிட்டத்தட்ட நூறு உதவி அமைப்புகள் வேண்டாம் என்று கூட்டாகக் கேட்டுக்கொண்டன. அந்தப் பந்தல்கள் தொடர்ந்து ஓடின.

அதற்குள் சூடானி நிறுவனம் போர்ட் சூடானிலிருந்தே வேலையைத் தொடங்கி, கிழக்கிலும் வடக்கிலும் சில வாரங்களுக்குள் உயிர் கொடுத்துவிட்டது. கார்ட்டூமை நம்பாமல் வேறு ஊரில் இயந்திரம் வைத்தார்கள். போருக்கு முன்பே ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது. எங்கள் எக்ஸ்சேஞ்சில் மாற்று ஜெனரேட்டர் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு நான்கு வருஷம் பதில் வரவில்லை என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

நீதிமன்றத்துக்குப் போனால் இணையம் வராதா? (சட்டக் கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

வந்திருக்கிறது, அம்மா, அதுவும் சூடானிலேயே. 2019 ஜூன் 3 அன்று கார்ட்டூமில் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததும் ராணுவ ஆட்சி இணையத்தை நிறுத்தியது. ஒரு வழக்கறிஞர் ஜைன் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார். தன் பெயரில் தனியாகப் போட்ட வழக்கு. அதனால் நிறுவனம் அவருடைய எண்ணுக்கு மட்டும் இணைப்பைக் கொடுத்தது. ஊரே இருட்டில் இருக்க அவர் ஒருவருக்கு மட்டும் நெட்! மனிதர் மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போனார். ஜூலை 9 அன்று மற்றவர்களுக்கும் வந்தது.

2024இல் அதே கார்ட்டூமில் அப்படி வழக்குப் போக வழியில்லை. தலைநகரே போர்க்களமாக இருந்தது, அமைச்சகங்கள் போர்ட் சூடானுக்குக் குடிபோயிருந்தன.