நின்றால் உதறும் பழைய வீரா: இசியூ மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: என்னுடையது 1998 புரோட்டோன் வீரா 1.5 எம்பிஐ, ஆட்டோ. பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பினாங்குப் பாலத்துக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது சில நாள் எஞ்சின் உதறுகிறது. ஆர்பிஎம் முள் 500 வரை இறங்கி ஏறுகிறது. மழை நாளில் அதிகம். பட்டறைக்குக் கொண்டு போனால் ஒழுங்காக ஓடுகிறது. நான்கு பிளக்கும் மாற்றியாயிற்று. செக் எஞ்சின் விளக்கு எரிவதில்லை. இப்போது இசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விளக்கு எரியாததை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. இந்த வண்டியின் காலத்து இசியூ, சிலிண்டர் எரியாமல் தவறுவதை எண்ணிப் பார்ப்பதில்லை. கடையில் கிடைக்கும் மலிவான ஓபிடி2 ரீடரும் (கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) பெரும்பாலும் இந்த வண்டியோடு பேசாது.

வந்து போகும் கோளாறை, அது வராத நேரத்தில் தேடிப் பயனில்லை. அடுத்த முறை உதறும்போது மூன்றைக் கவனியுங்கள்: எஞ்சின் சூடா, ஏர்கோன் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்ததா, கியரை என்னுக்கு (N, நியூட்ரல்) மாற்றியதும் நடுக்கம் போகிறதா. முள் அசையாமல் வண்டி மட்டும் நடுங்கி, என்னில் நின்றுவிட்டால் எஞ்சின் மவுண்டிங்தான் காரணம். உங்களுக்கு முள்ளே ஆடுவதால் அதை ஒதுக்கிவிடலாம்.

மழைதான் நல்ல துப்பு. ஆனால் அது இரண்டு வழியைக் காட்டும். ஒன்று, ஈரத்தில் ஹை வோல்டேஜ் கசிவது. மற்றொன்று, மழையில் ஹெட்லைட், வைப்பர், புளோவர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடி ஆல்டர்நேட்டர் மேல் சுமை ஏறுவது. பிரிப்பது எளிது. மழையில்லாத இரவில் கண்ணாடியை நனைத்துவிட்டு இவை எல்லாவற்றையும் போட்டு நில்லுங்கள். அப்போதும் உதறினால் ஈரம் காரணமல்ல. பேட்டரி முனையில் மீட்டர் வைத்துப் பாருங்கள், ஐடிலில் (வண்டி நிற்க எஞ்சின் சும்மா ஓடும்போது) 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழே விழுந்தால் ஆல்டர்நேட்டர், பெல்ட், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயர் இவற்றைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் எர்த் வயரின் போல்ட்டடியில் துரு பிடிப்பது வாடிக்கை.

சுமையில் ஒன்றும் ஆகவில்லையென்றால் ஈரத்தைச் சோதியுங்கள். இருட்டில் பானட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்கள், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி மேல் தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். நீலப் பொறி தாவினால் ஆள் அகப்பட்டான். கையால் வயரைத் தொடாதீர்கள், ஃபேன் பக்கம் போகாதீர்கள். மூடியின் உள்பக்கம் தலைமுடி போன்ற கருங்கோடு இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மூடிக்குள் சுழலும் ரோட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். புது பிளக்கின் இடைவெளியைப் போர்மன் அளந்தாரா என்று கேளுங்கள். 1.0 முதல் 1.1 மி.மீ. இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடுவதுதான் இங்கே வழக்கம்.

உதறிக்கொண்டிருக்கும்போதே இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். கழற்றியதும் ஆர்பிஎம் விழுந்தால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எதைக் கழற்றினால் மாற்றமில்லையோ அதுதான் தவறுகிறது. பிளக் வயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிஸ்ட்டுக்கு (புகையைச் சுத்தமாக்கும் பகுதிக்கு)ப் போய்ச் சேரும், ஷாக்கும் அடிக்கும்.

நான்கும் ஒரே அளவு விழுகின்றன, ஆனாலும் முள் ஏறி இறங்குகிறது என்றால் காற்றுப் பாதைதான். வேக்கம் ஹோஸ்கள், பிசிவி வால்வு, பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட் ஓரங்கள் ஆகியவற்றில் சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளியுங்கள். கசிவு இருந்தால் அந்த இடத்தில் சத்தம் மாறும். வயர்ச் சோதனையை முடித்துக் காய்ந்த பிறகு இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது எதனால் என்று தெரியாது. சூடான எஞ்சினில் கார்ப் கிளீனர் தெளித்துப் பார்ப்போர் உண்டு, தீப்பிடிக்கும். இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குச் சிறு ஹோஸ் போகிறதென்றால் அது வெடித்திருக்கிறதா பாருங்கள். அங்கே காற்று புகுந்தால் சுமை கூடியதாக இசியூ நினைத்து பெட்ரோலை அதிகம் ஊற்றும்; கரும்புகை வரும்.

எல்லாம் சரியென்றால் திராட்டில் பாடியில் உள்ள, ஐடில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஐஎஸ்சி ஸ்டெப்பர் மோட்டாருக்கு வாருங்கள். என் சந்தேகம் பெரும்பாலும் இதன் மேல்தான். கம்ப்ரஸர் பிடிக்கும் கணத்தில் காற்றைக் கூட்டிக் கொடுப்பது இதன் வேலை. தாமதித்தால் முள் 500க்கு விழும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் வரை திருப்பிக் காது கொடுங்கள், மோட்டார் ஓடும் மெல்லிய சத்தம் கேட்க வேண்டும். கனெக்டரைக் கழற்றினால் மோட்டார் பக்கம் மூன்று மூன்றாக ஆறு முனைகள். ஒவ்வொரு வரிசையிலும் நடு முனைக்கும் இரு ஓர முனைகளுக்கும் இடையே 28 முதல் 33 ஓம் வர வேண்டும் (20 டிகிரியில்; சூடான எஞ்சினில் சற்றுக் கூடும்). ஒரு காயில் வெகுவாகக் குறைந்திருந்தால் அது ஷார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது, அந்தக் கரண்ட்தான் இசியூவில் மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டை எரிக்கும். மோட்டாரை விட்டு இசியூவை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

மோட்டார் நன்றாக இருந்தால் திராட்டில் பாடியின் கரியைத் துணியால் துடையுங்கள். பைபாஸ் துளைக்குள் கிளீனர் இறங்கக்கூடாது. திராட்டில் நிறுத்து ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை ஏற்ற விடாதீர்கள். அதை அசைத்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததை இசியூ அறியாமல் போகலாம், பிறகு எந்தச் சரிசெய்தலும் நிற்காது. சூடான எஞ்சின், ஏர்கோன் இல்லாமல், என்னில் 750 அளவில் இருந்தால் போதும்.

இன்னும் இரண்டு: பியூல் ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸில் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் கிழிந்திருக்கிறது. கூலன்ட் சென்சார் 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓம் காட்ட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இசியூ என்றே வந்தால் முதலில் பெட்டியைத் திறந்து கெப்பாசிட்டர் கசிந்திருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். அக்கால மிட்சுபிஷி வகை இசியூக்களில் அது வயதின் கோளாறு. போர்டு அரிக்கப்படாதிருந்தால் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றினாலே ஓடும். ஹாஃப் கட் கடையில் (பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடை) வேறு இசியூ வாங்குவதானால் மேல் ஒட்டியிருக்கும் எண் உங்களுடையதோடு பொருந்த வேண்டும். மேனுவல் வண்டியின் இசியூவை ஆட்டோவில் போடாதீர்கள்.